முத்து இறங்கிய வீடு

என் கழுத்தின் இடதுபக்கம், தாடை எலும்பு முடிகிற இடத்துக்குக் கீழே ஒரு கட்டி இருக்கிறது. அதைச் சும்மா சும்மா தொடாதீர்கள் என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். தொடாமல் இருக்க என்னால் முடியவில்லை. அடுத்தவர் உடம்பைத் தொட்டே பிழைத்தவன் நான். குற்றாலத்தில் சாரல் தொடங்கிவிட்டால் பேரருவிப் பக்கம் எண்ணெய் தேய்த்துவிடுகிற ஆட்களில் ஒருவன். வருகிறவர் முதுகில் எங்கே பிடித்திருக்கிறது, எந்த நரம்பு சுருண்டிருக்கிறது என்று கேட்கவே வேண்டாம், விரல் தானாகப் போய் அங்கே நிற்கும். அந்த விரல்தான் இப்போது என் கழுத்தில் போய் நின்றது.

முதலில் வந்தது வாயில். விடிவதற்கு முன்னாலிருந்து ஈரப்பாறையில் நிற்கிற வேலை. குளிருக்குக் கன்னத்தில் புகையிலை ஒதுக்காத ஆள் எங்களில் குறைவு. கன்னத்துக்குள் ஆறாத புண் வந்தது. திருநெல்வேலியில் ஒரு ஆஸ்பத்திரியில் கன்னத்தையும் தாடையில் ஒரு துண்டையும் எடுத்துவிட்டு, நெஞ்சுச் சதையைக் கொண்டுவந்து வைத்துத் தைத்தார்கள். அப்புறம் கதிர் மிஷினுக்குக் கீழே படுக்கவைத்துக் கரண்ட் வைத்தார்கள். வாய் ஒருபக்கமாகக் கோணிக்கொண்டது. நான் பேசுவது என் மனைவி ஆனந்தவள்ளிக்கும் எண்ணெய்க்கடை துல்கர்னைன் பாய்க்கும் மட்டும்தான் புரியும். ஆஸ்பத்திரியில் போன் நம்பர் கேட்டபோதுகூட, நான் பேசினால் விளங்காது என்று பாயின் நம்பரைத்தான் கொடுத்திருந்தோம். சரி, இதோடு முடிந்தது என்று நினைத்தோம். இந்த வருஷம் சாரல் தொடங்குகிற சமயத்தில் கழுத்தில் இது வந்தது.

இந்தத் தடவை கத்தி வைக்க முடியாது என்றார் டாக்டரம்மா. கழுத்து ரத்தக்குழாயைச் சுற்றிப் பிடித்திருக்கிறதாம். அதைக் கேட்டதும் எனக்குக் காது அடைத்துவிட்டது. வள்ளிதான் விடாமல் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"உடம்புல வளர்ச்சிக்குன்னு ஒரு சத்து ஊறும்மா. காயம் ஆறுறது, தோல் உரிஞ்சு புதுசா வர்றது எல்லாம் அதாலதான். அது செல்லு மேல இருக்கிற ஒரு கொக்கியில வந்து மாட்டும். மாட்டினதும் உள்ளே, வளருன்னு ஒரு உத்தரவு போகும். இவர் கட்டியில அந்தக் கொக்கி அளவுக்கு மிஞ்சி முளைச்சிருக்கு. உத்தரவு ஓயாம போய்க்கிட்டே இருக்கு. இந்த மாத்திரை அந்த உத்தரவு உள்ள போகாம அடைக்கும்."

"அடைச்சா கட்டி கரைஞ்சிருமா?"

"சிலருக்குச் சுருங்கும். சிலருக்கு வளராம நிக்கும். சிலருக்குக் கேக்காமலும் போகலாம். பாப்போம்."

எனக்கு அந்தப் 'பாப்போம்' மட்டும் தனியாகக் கேட்டது. டாக்டரம்மா இன்னும் சொல்லிக்கொண்டிருந்தார். அதே கொக்கி நல்ல தோலிலும் இருக்கிறதாம், அதனால் மாத்திரை தோலிலும் வேலை பார்க்குமாம். முகத்தில், நெஞ்சில் முகப்பரு மாதிரி வரும், வந்தால் உடனே சொல்லுங்கள் என்றார்.

ஆலங்குளம் தாண்டி வரும்போது பஸ்ஸில் வள்ளி என்னைப் பார்த்துச் சிரித்தாள். "பேரன் எடுக்குத வயசுல மாப்பிள்ளைக்கு முகப்பருவாம்லா. பவுடர் வாங்கித் தரட்டுமா?"

அருவிக்கு வருகிற காலேஜ் பையன்களின் கன்னத்தில் இருப்பதுதான் எங்களுக்குத் தெரிந்த முகப்பரு. இரண்டு பேரும் அதைத்தான் நினைத்துக்கொண்டோம்.

மாத்திரையை விடிந்ததும் வெறும் வயிற்றில் போட வேண்டும். போட்டேன். கொஞ்ச நாளில் கட்டியின் ஓரம் லேசாக இளகியது. எண்ணெய் விட்டு அமுக்கும்போது இறுகிய சதை விட்டுக்கொடுக்குமே, அந்த இளக்கம். என்னால் நம்ப முடியவில்லை. திரும்பத் திரும்ப அமுக்கிப் பார்த்தேன். வள்ளியிடம்கூடச் சொல்லவில்லை. சொன்னால் அது போய்விடுமோ என்று பயம்.

அப்புறம் ஒருநாள் விடிகாலையில் முகம் தீயாக எரிந்தது. மூக்கு, நெற்றி, தலைமயிருக்குள், நெஞ்சு, தோள் எல்லாம் சிவந்து, ஒவ்வொன்றின் நுனியிலும் சீழ் கோத்து நின்றது. வள்ளி காப்பித் தம்ளரோடு வந்தாள். என்னைப் பார்த்தாள். தம்ளரைக் கீழே வைத்தாள். நெடுஞ்சாண்கிடையாக என் காலில் விழுந்தாள்.

"தாயே, வந்துட்டியா. எங்க வீட்டுக்கு வந்துட்டியாம்மா."

எங்கள் பக்கத்தில் அம்மையை நோய் என்று சொல்ல மாட்டார்கள். அம்மன் இறங்கியிருக்கிறாள் என்பார்கள். உடம்பில் இருப்பது பொரி இல்லை, அவள் போட்ட முத்து. முத்து இறங்கிய வீட்டில் கடுகு வெடிக்கக் கூடாது. வாசலில் வேப்பிலை தொங்க வேண்டும். வெளியாள் உள்ளே வரக் கூடாது, வீட்டாள் வெளியூர் போகக் கூடாது. எல்லாவற்றுக்கும் மேலே, மருந்து கூடாது. மருந்து கொடுத்தால், வந்தவளைப் போ என்று விரட்டுகிற மாதிரி. முத்து அமுங்கிய பிறகு வேப்பிலையும் மஞ்சளும் போட்டு, நாள் விட்டு நாள் மூன்று தண்ணீர் தலைக்கு ஊற்றி, அவளை அனுப்பிவைத்த பிறகுதான் எதுவும்.

வள்ளி மாத்திரை அட்டையை எடுத்து அம்மன் படத்துக்குக் கீழே வைத்தாள்.

"டாக்டரம்மா தினமும் போடணும்னாவளே" என்றேன்.

"இசக்கிமணிக்கு ஊசி போட்டாவளே. மறந்துட்டேளா?"

இசக்கிமணி அவளுடைய தம்பி. சின்னப் பிள்ளையில் அவனுக்கு அம்மை வந்தது. காய்ச்சல் தாங்காமல் துடிக்கிறான் என்று அவள் அப்பா தூக்கிக்கொண்டு போய் ஊசி போட்டுக்கொண்டு வந்தார். அன்று பொழுது சாய்வதற்குள் பிள்ளை போய்விட்டான். அவனை மடியில் வைத்திருந்தவள் வள்ளி. அதற்கு எதிராக நான் என்ன சொல்ல? எனக்கும் அந்தப் பயம் இருந்தது. அம்மன் என் உடம்பில் வந்து உட்கார்ந்திருக்கும்போது நான் எப்படி வாயைத் திறப்பேன்?

என்னை உள்ளறையில் வேப்பிலை பரப்பிப் படுக்க வைத்தாள். இளநீர், பானகம், தாளிக்காத மோர்ச்சோறு. என் கோணல் வாயைக் கண்டு அந்தப் பக்கம் திரும்பிப் போன தெருக்காரர்கள் இப்போது வாசலுக்கு வெளியே நின்று கையெடுத்துக் கும்பிட்டார்கள். எதிர்வீட்டு ஜெயபிரியா, "தாயீ, எம்பிள்ளைக்குப் பரீட்சை, பாத்துக்கோ" என்று என்னிடம் வேண்டிக்கொண்டு போனாள். உள்ளே படுத்துக்கொண்டு அதைக் கேட்கச் சிரிப்பாகவும் இருந்தது, கொஞ்சம் நன்றாகவும் இருந்தது.

நாள் போகப்போக முத்து காய ஆரம்பித்தது. வள்ளி காலையில் வந்து முகத்தைப் பார்ப்பாள். "குளுந்துட்டா. அமுங்குது பாருங்க. நெத்தியில பாதி இல்லை" என்பாள். அவள் முகத்திலும் அப்போது ஒரு குளிர்ச்சி இருக்கும். அவள் போன பிறகு என் விரல் கழுத்துக்குப் போகும்.

கட்டியின் ஓரம் மறுபடி இறுகியிருந்தது.

முதலில் என் விரல்தான் தப்பு என்று நினைத்தேன். மறுநாள் இன்னும் இறுகியது. முகத்தில் முத்து குறையக் குறைய கழுத்தில் கட்டி எழுந்தது. ஒரு கயிற்றின் இந்த நுனியை இறக்கினால் அந்த நுனி ஏறுகிறது என்று எனக்குத் தோன்றியது. அதை யாரிடம் சொல்வது? இது அம்மன் இல்லை, மாத்திரை என்று சொல்லி, அது அம்மனாகவே இருந்துவிட்டால்? சொல்லாமல் கிடந்து, அது அம்மன் இல்லாமல் போனால்? படுத்தபடி உடம்பைத் தடவிப் பார்த்தேன். அம்மை என்றால் கால்வரை போட்டிருக்கும், எனக்கு இடுப்புக்குக் கீழே ஒன்றுகூட இல்லை. காய்ச்சலும் அடிக்கவில்லை. சரி, அவள் இவ்வளவுதான் போட நினைத்தாளோ என்னவோ. நானாகக் கேட்டு நானாகப் பதில் சொல்லிக்கொண்டு கிடந்தேன். கண்ணை மூடினால் டாக்டரம்மா சொன்ன உத்தரவு ஓடுகிற சத்தம் கழுத்துக்குள் கேட்கிற மாதிரி இருந்தது. வளரு, வளரு, வளரு.

ஒருநாள் மோர்ச்சோறு தொண்டையில் நின்றுவிட்டது. தண்ணீர் குடித்துத்தான் இறக்கினேன். அடுத்த கவளத்துக்குக் கை வரவில்லை.

"என்ன, இறங்கலியா?" என்றாள் வள்ளி.

"போதும்."

"தாய்க்குப் பசியில்ல போல" என்று கிண்ணத்தை எடுத்துக்கொண்டு போனாள்.

அன்றைக்கு மத்தியானம்தான் துல்கர்னைன் பாய் வந்தார். வேப்பிலைக்கு வெளியே தெருவில் நின்றுகொண்டு கத்தினார்.

"என்னவே குற்றாலிங்கம், சாமியாயிட்டீராமே! அங்கன சாரல் பிச்சுக்கிட்டு அடிக்கி. மதுரைக்காரன் ஒருத்தன் முதுகைத் தூக்கிக்கிட்டு வந்து, அந்தக் கோணவாய்க்காரர் எங்கன்னு கேக்கான். அவரு இப்பம் வரம் குடுக்குத வேலையில இருக்காருன்னுட்டேன்."

"பாய், உள்ள வந்துராதீங்க" என்று வள்ளி வாசலுக்கு ஓடினாள்.

"வரலைம்மா. நான் இங்கன நின்னே பேசிக்கிடுதேன். ஆசுபத்திரியிலேருந்து அந்த நர்ஸம்மா ரெண்டு நாளா என்னை வறுத்து எடுக்காவ. வரச்சொன்ன நாளுக்கு ஏன் வரலை, ஆளு இருக்காரா இல்லையான்னு. இருக்காருன்னா நம்ப மாட்டேங்காவ. இந்தா, லைன்ல இருக்காவ, நீயே பேசு."

போனின் சத்தத்தைக் கூட்டி, கையை நீட்டி வேப்பிலைக்கு இந்தப்பக்கம் பிடித்தார். நான் எழுந்து அறை நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"அம்மா, வித்யாலட்சுமி பேசுறேன். மாத்திரை ஒழுங்கா போடுறாரா?"

வள்ளி படத்துக்குக் கீழே இருந்த அட்டையைத் திரும்பிப் பார்த்தாள். பாய்தான், "அவருக்கு அம்மை போட்டிருக்குன்னு சொன்னேம்லா" என்றார்.

"பொரி எங்க எங்க இருக்கும்மா?"

"மூஞ்சி, தலை, நெஞ்சு" என்றாள் வள்ளி. "பொரின்னு சொல்லாதீங்க. முத்து."

"சரிம்மா, முத்து. கால்ல இருக்கா?"

வள்ளி திரும்பி என்னைப் பார்த்தாள். நான் இல்லை என்று தலையாட்டினேன்.

"காய்ச்சல்?"

"தாய் குளிர்ச்சியா வந்திருக்கா."

"ஒரு போட்டோ எடுத்து அனுப்புறீங்களா?"

"அம்மன் இறங்கின உடம்பைப் போட்டோ எடுக்கச் சொல்லுதேளா? உங்க வீட்டுல அம்மன் பாத்ததே கிடையாதா?"

அந்தம்மா நிதானமாகப் பேசினார்.

"எங்க வீட்டுலயும் பாத்திருக்கோம்மா. எங்கம்மா எனக்கு வேப்பிலையிலதான் விசிறினாங்க. உங்க வேப்பிலையை நான் எடுக்கச் சொல்லலை. நேர்ல பாக்காம இது அம்மை இல்லைன்னும் சொல்ல மாட்டேன். ஆனா இந்த மாத்திரைக்கு இப்படித்தான் வரும். வந்தா, மருந்து உடம்புல பிடிக்குதுன்னு எங்களுக்கு ஒரு நம்பிக்கை. வராதவங்களைப் பாத்தாத்தான் எங்களுக்குக் கவலை. நிறுத்திட்டா அந்த உத்தரவு திரும்ப உள்ள போக ஆரம்பிச்சிடும். நாளைக்குள்ள கூட்டிட்டு வாங்கம்மா."

"மூணு தண்ணி ஊத்தாம படியிறங்கக் கூடாது" என்றாள் வள்ளி.

"அதுக்கு எத்தனை நாள்?"

வள்ளி விரல் விட்டு எண்ணத் தொடங்கினாள்.

நான் பேசியாக வேண்டும் என்று நினைத்தேன். நிலையை விட்டு முன்னால் வந்து, தலையைச் சாய்த்துக் கழுத்தைக் காட்டினேன்.

"வள்ளி, முத்து அமுங்குது. கட்டி எந்திரிக்குது. மாத்திரை போடும்போது இளகுச்சுட்டி. உங்கிட்ட சொல்லலை. இன்னைக்குச் சோறு இறங்கலை."

பாய் தெருவைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். அந்தம்மாவுக்கு நான் பேசியது புரிந்திருக்காது. "என்ன சொல்றார்? என்னம்மா சொல்றார்?" என்று போன் கேட்டுக்கொண்டே இருந்தது.

வள்ளி என்னைத் திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் அம்மன் படத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள். அவ்வளவு பயந்து நான் அவளைப் பார்த்ததே இல்லை, என்னை ஆபரேஷனுக்குத் தள்ளிக்கொண்டு போன அன்றைக்குக்கூட.

"எனக்கு எப்படித் தெரியும்? நான் என்ன செய்யட்டும்? ரெண்டு பக்கமும் வாயைத் தொறந்துக்கிட்டு நிக்குதே" என்றாள். அது என்னிடம் சொன்னதா, படத்திடம் சொன்னதா என்று தெரியவில்லை.

முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு வெளியே போனாள். அம்மன் வீட்டுக்காரி போகக்கூடிய இடம் ஒன்றுதான், அம்மன் கோயில்.

பாய் போகவில்லை. வெளியே குத்துக்காலிட்டு உட்கார்ந்து, "பூ கட்டிக் கேக்கப் போறாவளோ?" என்றார்.

ஆமாம் என்றேன். சிவப்புப் பூவையும் வெள்ளைப் பூவையும் தனித்தனியே இலையில் பொதிந்து அம்மன் காலடியில் போட்டு, ஒன்றை எடுப்பார்கள். எந்த நிறத்தைக் கேட்டோமோ அது வந்தால் சம்மதம். மாற்றி வந்தால் மறுபேச்சு இல்லை. இத்தனை பெரிய ஆஸ்பத்திரி, இத்தனை பெரிய படிப்பு, கடைசியில் என் உயிர் ஒரு இலைப் பொட்டலத்துக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. வெள்ளை வரட்டும், சிவப்பு வரட்டும் என்று நான் கும்பிடவில்லை. அவள் எதை நினைத்துக் கேட்கிறாள் என்பதே எனக்குத் தெரியாதே.

"பயப்படாதீரும்" என்றார் பாய்.

"பயமா இருக்கு பாய்."

"எனக்குந்தான்வே" என்றார். அதற்குப் பிறகு அவர் கேலி பேசவில்லை.

வள்ளி வேகமாகத் திரும்பி வந்தாள். நெற்றியில் திருநீறு. கை இரண்டும் காலி. நேரே கொல்லைக்குப் போய் அண்டாவில் தண்ணீர் நிரப்பி வெயிலில் வைத்தாள். வேப்பிலையை உருவிப் போட்டாள். மஞ்சளைக் கரைத்தாள்.

"என்ன பூ வந்துச்சு?" என்றேன்.

"வாயை மூடிட்டு அந்தக் கல்லுல உக்காருங்க."

முதல் தண்ணீரை ஊற்றினாள். தலையைத் துவட்டிவிட்டாள். நான் எழுந்திருக்கப் போனேன். தோளைப் பிடித்து அமுக்கினாள். மறுபடி வேப்பிலை, மறுபடி மஞ்சள். இரண்டாவது தண்ணீர். நாள் விட்டு நாள் ஊற்ற வேண்டியதை ஒரே கல்லில், ஒரே வெயிலில் ஊற்றிக்கொண்டிருந்தாள். இப்படிச் செய்தவர்கள் எங்கள் தெருவில் யாரும் இல்லை. மூன்றாவது தண்ணீரை எடுக்கும்போது அவள் அழுதுகொண்டிருந்தாள். அழுதுகொண்டே, "அவசரக்காரின்னு நினைச்சுக்கோ. கோவம்னா எம்மேல வா. இவியமேல வராத" என்று சொல்லி ஊற்றினாள். தண்ணீர் மூக்கிலும் வாயிலும் ஏறியது. எனக்கு மூச்சு முட்டியது. நிறுத்து என்று சொல்லத் தைரியம் வரவில்லை.

ஈரத்தோடு உள்ளே போனவள், அம்மன் படத்துக்குக் கீழேயிருந்து அட்டையை எடுத்து மடியில் வைத்துக் கட்டிக்கொண்டாள்.

மறுநாள் முதல் பஸ்ஸில் பாயும் கூட வந்தார். டாக்டரம்மா முகத்தை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். இது அம்மை இல்லை என்றார். சீழ் வைத்ததற்குத் தனியாக மருந்தும் தடவ ஒரு களிம்பும் எழுதினார். கழுத்தை அளந்து, பழைய சீட்டில் இருந்த அளவோடு ஒத்துப் பார்த்தார்.

"வளந்திருக்கா?" என்றாள் வள்ளி.

"வளந்திருக்கு. அதே மாத்திரையைத் திரும்பத் தொடங்குவோம். திரும்பவும் பிடிக்கும்னு உறுதி சொல்ல முடியாதும்மா."

"முத்து திரும்ப வருமா?"

"வந்தா நல்லதுன்னுதான் நான் நினைக்கிறேன். வந்தா நிறுத்திடாதீங்க. எங்கிட்ட வாங்க."

வள்ளி தலையாட்டினாள். வரும் வழியெல்லாம் மடியில் கட்டிய அட்டையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். இசக்கிமணியைத்தான் நினைத்துக்கொண்டிருப்பாள் என்று நினைத்தேன். எனக்கு என் நினைப்பே போதுமாக இருந்தது.

விடிந்ததும் அவளே மாத்திரையை உரித்துத் தந்தாள். கைதவறி ஒன்று தரையில் உருண்டது. தேடி எடுத்துத் துடைத்துத் தந்தாள். நான் விழுங்குகிறவரை தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் பயம் தலைகீழாகத் திரும்பிவிட்டது. காலையில் என்னை வாசலுக்கு இழுத்து வெளிச்சத்தில் நிறுத்துவாள். நெற்றியைத் தடவுவாள், மூக்கோரத்தைப் பார்ப்பாள், தலைமயிரை விலக்கிப் பார்ப்பாள். தோல் வழவழப்பாக இருக்கும்.

"ஒண்ணும் இல்லியே" என்பாள்.

"இன்னும் நாளாகும்."

"போன தடவை இதுக்குள்ள அரிச்சுதே. யோசிச்சுச் சொல்லுங்க. அரிக்குதா?"

"இல்லட்டி."

"உங்களுக்கு ஒண்ணும் தெரியாது" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குள் போய்விடுவாள். நான் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருப்பேன். கழுத்துக்குக் கை போகும், எடுத்துவிடுவேன், திரும்பப் போகும். கட்டி இளகவும் இல்லை, இறுகவும் இல்லை. அந்த நாட்களில் எனக்குச் சாவைவிட என் மூஞ்சியைப் பார்க்கத்தான் பயமாக இருந்தது. கண்ணாடியைத் திருப்பி வைத்துவிட்டேன்.

ஒருநாள் மழை வெறித்து வெயில் எட்டிப் பார்த்த காலையில், வள்ளி என் தாடையைப் பிடித்துத் திருப்பியவள் அப்படியே நின்றுவிட்டாள். மூக்கின் இடதுபக்கம் எனக்கு முந்தின நாளே ஊறல் எடுத்திருந்தது. ஏமாந்துபோவாளே என்று நான் சொல்லவில்லை.

"என்ன?" என்றேன்.

"ஒண்ணு இருக்கு. இங்கன இன்னொண்ணு. நெத்தியில பாருங்க... நீங்க எங்க பாப்பீங்க. இருங்க, நான் பாக்கேன்."

அவள் கை இரண்டும் தாமாகக் கும்பிட மேலே எழுந்தன. பாதியில் நின்றன. கும்பிடவா வேண்டாமா என்று அவளுக்குத் தெரியவில்லை. யாரைக் கும்பிடுவது என்றும் தெரிந்திருக்காது. அந்தக் கைகளை என்ன செய்வதென்று தெரியாமல் கொஞ்சநேரம் நின்றாள். பிறகு ஒரு கையை இறக்கி என் கழுத்தில் கட்டியின்மேல் வைத்தாள். அது வந்ததிலிருந்து அவள் அதைத் தொட்டதே இல்லை. வலிக்குமோ என்று மெல்ல அமுக்கினாள்.

"இன்னும் அமுக்கு" என்றேன். "ஓரத்துல."